எப்போதும் இரண்டு விரல்

எய்யா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து சிரிப்பாய், பாப்பாவைத் தூக்கிக் காட்டுவாய், நான் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். முப்பத்தொரு வருஷம் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியவள், பேச்சில் உன்னிடம் தோற்றுப்போகிறேன். எழுத்தில் தோற்கமாட்டேன். தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வழக்கம்போல நடுப்பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கடைசிக்கு ஓடாதே. முதலிலிருந்து வாசி.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. வியாழக்கிழமை பயிற்சியில் உன் அணிக்காரன் ஒருவனுடைய முழங்கால் உன் நெற்றிப்பொட்டில் இடித்தது. அரை நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. எப்படியோ எழுந்து நின்றுவிட்டாய், யாரும் கவனிக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் வாந்தி எடுத்தாய். மூன்று நாளாக வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அரையிறுதியில் ஜெயித்ததால் ஒரு வாரம் ஓய்வு கிடைத்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். கிளப்பில் சொன்னால் குறைந்தது மூன்று வாரம் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள். "எம்மா, பெனிட்டாட்ட மட்டும் சொல்லிராதீங்க. இந்த ஒரு ஆட்டம் முடியட்டும். நீங்க ஜெபம் பண்ணுங்க, போதும்" என்றாய். கட்டின மனைவியிடம் மறைத்ததை என்னிடம் ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ரகசியம் காப்பதில் உன் அம்மா கெட்டிக்காரி என்று சின்ன வயசிலேயே நீ கண்டுகொண்டாய். எவ்வளவு கெட்டிக்காரி என்பது உனக்கே தெரியாது.

பாப்பா பிறந்த வருஷம் ஆறு மாதம் உங்களோடு மெல்பர்னில் இருந்தேன் அல்லவா, அங்கேதான் அந்த ஆட்டத்தை முதலில் பார்த்தேன். கால்பந்து என்று சொல்லி அழைத்துப்போனாய், அது ஆஸ்திரேலியக் கால்பந்து என்று அப்புறம்தான் தெரிந்தது. போய்ப் பார்த்தால் கிரிக்கெட் மைதானம் மாதிரி பெரிய வெளி, இரண்டு கோடியிலும் நாலு நாலு கம்பம், பந்து நீளமாக இருக்கிறது. கையால் பிடிக்கிறார்கள், காலால் உதைக்கிறார்கள், முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்குத் தள்ளுகிறார்கள், ஒருவன் முதுகில் இன்னொருவன் முழங்காலை ஊன்றி ஏறி மேலே போகிற பந்தைப் பறிக்கிறான். சண்டை எது, ஆட்டம் எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. உங்கள் கிளப்பில் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கும் ரான்தான் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாம் விளக்கினார். நீ முதல் வருஷம் செய்த கூத்தையும் அவர்தான் சொன்னார். பந்தோடு ஓடியவனை விரட்டிப்போய், மட்டமாகப் பாய்ந்து, கணுக்காலைப் பிடித்து வாரிவிட்டாயாம். முழங்காலுக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நடுவர் விசிலடித்தும் நீ காலை விடவில்லையாம். கபடியில் மாதிரி, அவன் மூச்சை விடட்டும் என்று காத்துக்கொண்டு கிடந்தாயாம். "இதை இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். அவன் அப்பா என்றேன்.

ரான் எழுபதைத் தாண்டியவர். அவர் இளைஞராக இருந்த காலத்தில் ஆடியவர்கள் எல்லாரும் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்தவர்கள். அவருக்குக் கறிக்கடை வேலை. அவருடைய கேப்டனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. சனிக்கிழமை மதியம் ரான் கறி வெட்டிய கையில் இருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு நேரே மைதானத்துக்கு வருவாராம். குளிர்கால மழையில் மைதானம் நம் பக்கத்து நாற்றங்கால் மாதிரி சேறாகக் கிடக்கும். ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம், அவனுக்கு எதிரே ஓர் ஆள். அந்த ஆள்தான் அன்று மதியம் முழுக்க அவனுக்கு எதிரி. பந்தை நீளமாக உதைத்துவிட்டு, அது விழுகிற இடத்தில் மோதிக்கொள்வார்கள். வெளியே மாற்று ஆட்கள் இரண்டே பேர். ஒருவன் வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. அதனால் தாடை உடைந்து தொங்கினாலும் வெளியே வரமாட்டான். இப்போது நிமிஷத்துக்கு ஒருவன் வருகிறான், ஒருவன் போகிறான். எல்லாரும் மைதானம் முழுக்க ஓடுகிறார்கள், பந்து கைக்குக் கை மாறுகிறது, பெரிய அணிகளில் அதுவே முழுநேர வேலை, பெண்களுக்கும் தனி அணிகள் வந்துவிட்டன. ஒரு நடுவர் இருந்த இடத்தில் இப்போது மூன்று நாலு பேர், அதற்கு மேல் கேமராக்கள். "அப்போது நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார் ரான்.

ஒரு நாள் தேநீருக்கு அழைத்து, தன் பழைய ஆட்டம் ஒன்றின் ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினார். மங்கலான படம். உயரத்தில் வருகிற பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு பையன் பின்னால் பின்னால் ஓடுகிறான். கை இரண்டும் மேலே, நெஞ்சும் முகமும் திறந்து கிடக்கிறது. பக்கவாட்டிலிருந்து ஒருவன் ஓடிவந்து, பந்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல், முழங்கையை மடித்து அவன் தாடையில் இறக்குகிறான். பையனின் தலை முதலில் தரையில் மோதுகிறது, உடம்பு அப்புறம் வந்து விழுகிறது. கால் இரண்டும் தனியாக வெட்டி வெட்டி இழுக்கின்றன. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. வர்ணனை சொல்கிறவர் சிரிக்கிறார். இரண்டு பேர் ஓடிவந்து மூக்கில் ஏதோ மருந்துப் புட்டியை வைத்து, கன்னத்தில் நாலு அறை அறைந்து, அவனை நிற்க வைத்து உள்ளே தள்ளுகிறார்கள். அவன் திசை தெரியாமல் தன் அணியின் கம்பத்தை நோக்கியே ஓடுகிறான். அதற்கும் சிரிப்பு. ரான் படத்தை நிறுத்தினார். "அடித்தவன் நான்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் ஒருவரும் என்னைக் காசு கொடுத்துக் குடிக்க விடவில்லை. இன்றைக்கு அதைச் செய்தால் அந்த வருஷ ஆட்டமே எனக்கு முடிந்துவிடும்" என்றார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த இன்னொரு படத்தைக் காட்டினார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் இளம் ரான். அந்த ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே அவர் தலையில் அடி விழுந்ததாம், கடைசிவரை ஆடினாராம். "அதில் சிரிக்கிறவனை எனக்குத் தெரியாது. கோப்பை வாங்கியது எனக்கு ஞாபகமில்லை. அடுத்த நாள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன், இப்போதெல்லாம் தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள் என்று. வருஷ ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் ஒரு பரிசோதனை வைப்பார்கள், வார்த்தைகளை ஞாபகத்தில் வைத்துச் சொல்ல வேண்டும், எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், அடிபட்ட பிறகு அதையே திரும்ப வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றாய். சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாய். "நாங்க மொதல்லயே வேணும்னு தப்புத்தப்பாச் சொல்லிருவோம்மா. அப்புறம் அடிபட்டாலும் அதே மார்க்குதான் வரும்லா." நானும் சிரித்தேன். பெனிட்டா சிரிக்கவில்லை, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

உங்கப்பாவின் அணியில் அந்தப் பரிசோதனை இன்னும் சுலபம். இப்போது கபடி என்றால் டிவியில் வண்ண விளக்கும் மெத்தென்ற விரிப்பும். அன்றைக்கு வெறுந்தரைதான். ராதாபுரம் பக்கத்துத் தேரிச் செம்மணலில் ஆடிப் பழகியவர் உங்கப்பா. பாடிவருகிறவன் திரும்புகிற கணத்தில் தரையோடு தரையாகப் பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பார். பிடிபட்ட கால் சும்மா இருக்குமா, உதறும். உதறுகிற குதிகால் பிடித்தவன் தலையில்தான் படும். அந்தப் பிடிக்காகத்தான் பேட்டையில் ஒரு மில்லில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். மில் அணிக்கு ஆடும்வரை வேலைக்குப் பயமில்லை. உனக்கு ஐந்து வயசு இருக்கும், பொங்கல் வாரத்தில் முக்கூடலில் ஓர் ஆட்டம். சாயங்கால வெயிலில் நீ என் மடியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தாய். உங்கப்பா ஒருவன் காலைப் பிடித்தார். அவனுடைய மற்ற முழங்கால் வந்து அவர் பொட்டில் இறங்கியது. அந்தச் சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கேட்டது. விழி மேலே செருகிவிட்டது, ஆனால் கை அந்தக் கணுக்காலை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். கூட்டம் விசிலடித்தது. அணியின் கேப்டன் சுடலைமுத்து அண்ணாச்சி சோடாவை உடைத்து அவர் முகத்தில் பீய்ச்சியடித்தார். அப்புறம் கையை நீட்டினார்.

"எத்தன வெரலு, சொல்லுலே."

"ரெண்டு."

"அவனுக்கு ஒண்ணுமில்ல வே. எறக்கி விடு."

அவர்கள் எப்போதும் இரண்டு விரலைத்தான் காட்டுவார்கள். ஒன்றோ மூன்றோ காட்டி நான் பார்த்ததே இல்லை. அணியில் எல்லாருக்கும் அது தெரியும், எதிரணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணே தெரியாதவன்கூட ரெண்டு என்று சொல்லிவிட்டு உள்ளே போகலாம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாரும் சேர்ந்து தெரிந்தேதான் செய்தார்கள். உங்கப்பா இறங்கி இன்னும் இரண்டு பேரைப் பிடித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று தடவை என்னிடம் கேட்டார், "இப்ப எந்த ஊருக்குப் போவுதோம்?" நீ அவர் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டி நீட்டி விளையாடிக்கொண்டு வந்தாய்.

இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாதமே மில்லில் அவர் இயந்திரத்தின் முன்னால் திகைத்துப்போய் நிற்பதைப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் அனுப்ப முடிவு செய்தார்கள். அதில் தேறாவிட்டால் ஆட்டமும் வேலையும் போய்விடும். என்னென்ன கேட்பார்கள் என்று ஏற்கெனவே போய்வந்த ஒருவரின் மனைவியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பத்து நாள் அடுப்படியில் உட்கார்த்தி வைத்து உங்கப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. அவருக்குக் கணக்கு வரவில்லை, வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன். தப்பாகச் சொன்னால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரியே அதட்டினேன். அழுதார். "தல வலிக்கி, நாளைக்குப் படிப்போம்" என்றார். நான் விடவில்லை. பரிசோதனையில் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது எய்யா, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் பேட்டையில் நடந்த ஆட்டத்தில் ஒரு குதிகால் அவர் காதுக்கு மேலே விழுந்தது. இந்தத் தடவை காதிலிருந்து ரத்தம் வந்தது. சோடா, கன்னத்தில் தட்டு, இரண்டு விரல். ரெண்டு என்றார். இறங்கினார். அந்த ஆட்டத்துக்குப் போன மனிதர் வீட்டுக்குத் திரும்பவில்லை, வேறு ஒருவர்தான் வந்தார். நீ வளர்ந்தது அந்த வேறு ஆளிடம். சோற்றில் உப்பில்லை என்று கிண்ணத்தைச் சுவரில் எறிந்தவர், கதவை உதைத்துப் பிளந்தவர், என் முன்பல்லை உடைத்தவர், தடுமாறி நடந்தவர், நாக்குக் குழறியவர், மறுநாள் எதுவுமே ஞாபகமில்லாமல் என் வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்து இது எப்படி என்று கேட்டவர். குடி என்று தெருவில் சொன்னேன், மில்லில் சொன்னேன், பள்ளியில் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். குடித்துவிட்டு வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும், திட்டி அனுப்புவார்கள். மூளை கலங்கிவிட்டது என்றால் வேலையே போய்விடும். அவர் சட்டையில் நானே சாராயத்தைத் தெளித்து அனுப்பிய நாட்கள் உண்டு. உங்கப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. கல்யாணத்தன்று குடிக்கமாட்டேன் என்று சபை ஆயர் வாங்கின வாக்குறுதியைக் கடைசிவரை காப்பாற்றினார்.

உன் இடது கை முழுதாக நீளாது. போதையில் முறித்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாய். உனக்கு ஒன்பது வயசு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அவர் பாயில் படுத்திருந்தார். நீ பந்தை எடுக்க அவரைத் தாண்டி ஓடினாய். படுத்த வாக்கிலேயே உன் கணுக்காலைப் பிடித்து இழுத்துப்போட்டு, உன் மேல் ஏறிக் கையைப் பின்னால் முறுக்கினார். "கோட்டத் தொட விடாதீங்கலே, அமுக்குங்க, அமுக்குங்க" என்று இல்லாத ஆட்களைக் கூப்பிட்டார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. நீ அலறினாய், அவர் உன் மூச்சு நிற்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து அம்மிக்குழவியை எடுத்து வந்து அவர் தலையில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அவர் உன்னை விட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, யார் அடித்தது என்று தெரியாத பார்வை. அந்தத் தலையில் விழுந்த அடிகளில் கடைசிப் பெரிய அடி என்னுடையது. உன்னைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இருந்தது. நாலு வருஷம் முன்னாலேயே இருந்தது, அந்தப் பத்து நாள் அடுப்படியில்.

அதற்கப்புறம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கோபம் என்று முதலில் நினைத்தேன். பெயர் மறந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. நான் பாடம் எடுத்தது மட்டும் உள்ளே எங்கோ தங்கியிருந்தது போல, என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். "டீச்சர், இன்னைக்கு என்ன கெழம?" வலிப்பு வந்து அவர் போனபோது உனக்குப் பதினைந்து வயசு. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள், நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "குடிகாரனுக்கு நான் போட மாட்டேன்" என்றாய், ஆயர் காதில் விழும்படி. அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பாவைப் பற்றி உனக்கு இருந்த வெறுப்பை, என் மேல் திரும்பிவிடுமோ என்ற பயத்தில், நான் அவர் மேலேயே விட்டுவைத்தேன். எய்யா, அவர் குடிகாரர் இல்லை. அவர் அடிபட்டவர். அவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இறக்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

ரானுடைய ஆட்டம் மாறியிருக்கிறது. அறைந்து உள்ளே தள்ளியவர்கள் இப்போது மூன்று வாரம் உட்கார் என்கிறார்கள். எத்தனை பேருடைய தலை கெட்டு, எத்தனை மனைவிகள் முன்பல்லை இழந்து இந்தச் சட்டம் வந்திருக்கும் என்று நினைத்துப் பார். சட்டம் போட்டவர்களுக்கு உன் தலை தெரியாது. வாந்தி எடுத்தது நீ சொன்னால்தான் தெரியும். நீ சொல்லாவிட்டால், அத்தனை கேமராவும் இருந்தாலும், நீ ஆடுவது முக்கூடலில்தான். இரண்டு விரலை நீட்டுவதும் நீ, ரெண்டு என்பதும் நீ. உன் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. அது உன்னைத் தாண்டி ஓடுகிற வயசுக்கு வந்துகொண்டிருக்கிறது.

அதனால் நான் செய்துவிட்டேன். இதை எழுத உட்காருவதற்கு முன்பே பெனிட்டாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் வியாழக்கிழமையையும் என் பத்து நாளையும். அவள் முழுக்கக் கேட்டாள். அப்புறம், "நா கிளப்புல சொல்லிருதேன் அத்தை" என்றாள். இந்நேரம் சொல்லியிருப்பாள். சனிக்கிழமை உன் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு இறங்குவான். அணி தோற்கலாம். பயலுகள் உன்னோடு பேசாமல் போகலாம். நீ ரானுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார். ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குச் சொல். பேப்பரைப் பார்த்து அல்ல, உன் ஞாபகத்திலிருந்து.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். போன் போட்டு ஆத்திரம் தீரத் திட்டு, அம்மா என்றுகூடச் சொல்ல வேண்டாம், என் பெயரைச் சொல்லித் திட்டு. இன்னும் முப்பது வருஷம் கழித்தும் அந்தப் பெயர் உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

உன் அம்மா